ஏலத்துக்கு வரும் பாண்டியர் காசு... எடுக்கலாமா, விடலாமா?

விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செம்புத் துண்டு. ஒரு பக்கம் யானை, மறு பக்கம் மீன். அதற்குப் பின்னால் 2,000 வருட வரலாறும், இன்றைய சந்தையின் அத்தனை சூட்சுமங்களும் இருக்கின்றன.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

கோயில் கடை, மாந்தோப்பு, கண்மாய் மீன், அடகு நகை என்று ஏலக் குரல் மதுரைப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. ஆனால், பச்சைக் களிம்பு ஏறிப்போன ஒரு சின்னக் காசுக்கு நாலு பேர் போட்டி போட்டு விலை ஏற்றுவதை முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். "இதை எடைக்குப் போட்டால் டீ குடிக்கக்கூடத் தேறாதே!" என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரோ அதே காசை லென்ஸில் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டிருப்பார்.

பழங்காசு சேகரிப்பு ஒரு காலத்தில் ராஜாக்களுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குமான பொழுதுபோக்கு. இன்று கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்கூட ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நாயக்கர் காசுக்கு விலை கேட்கிறார். கூடவே ஏமாறுகிறவர்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. சின்ன வியாபாரிகள் நடத்தும் ஏலங்களில் பழங்காசு வாங்கலாமா? அனுபவப்பட்ட சேகரிப்பாளர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள்?

மதுரை மண்ணில் ஏன் இத்தனை காசு?

பாண்டியர் தலைநகர், முத்து வணிகம், கடலுக்குப் போகும் வைகை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் காசு புழங்காமல் இருந்தால்தான் ஆச்சர்யம்.

இந்த வட்டாரத்தில் கிடைக்கும் மிகப் பழைய காசுகள், வெள்ளியில் முத்திரை குத்தியவை. வெள்ளித் தகட்டைச் சதுரமாக நறுக்கி, அதன்மேல் சூரியன், மலை, விலங்கு போன்ற சின்னங்களைத் தனித்தனியாகக் குத்தியிருப்பார்கள். போடிநாயக்கனூரில் இப்படிப்பட்ட வெள்ளிக் காசுகள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. பின்பக்கம் மீன் சின்னம் இருப்பதால், இவை பாண்டியர் வெளியிட்டவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. கீழடியில் 2021-ல் நடந்த ஏழாம் கட்ட அகழாய்விலும் ஒரு வெள்ளி முத்திரைக் காசு வெளிப்பட்டது.

அடுத்து, சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செம்புக் காசுகள். முன்பக்கம் யானையும் மங்கலச் சின்னங்களும், பின்பக்கம் கோடுகளாலேயே வரைந்த மீனும் இருக்கும்.

அதோடு ரோமானியக் காசுகள். கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சின்னச் சின்ன ரோமானியச் செம்புக் காசுகள் மதுரையிலும் வைகைப் படுகையிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. வைகை கடலில் சேரும் பகுதியில் இருக்கும் அழகன்குளத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் இவை கிடைத்தன. 1904-ல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பட்டியலிட்ட ராபர்ட் சீவெல், மதுரையில் ரோமானியர் குடியிருப்பே இருந்திருக்கலாம் என்று எழுதினார். குடியிருப்பு இருந்ததோ இல்லையோ, அந்தக் காசுகள் இங்கே கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கின்றன. பல காசுகளில் பேரரசரின் மூக்கு மட்டும்தான் மிச்சம்!

பிற்காலப் பாண்டியர் காசுகளில் இரட்டைக் கயலும் செண்டும் இருக்கும். 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையான்' என்று தமிழ் எழுத்தும் இருக்கும். சோழ நாட்டை ஜெயித்த செய்தியைக் காசிலேயே அடித்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்து 'பிரேக்கிங் நியூஸ்'! அதற்குப் பிறகு, 14-ஆம் நூற்றாண்டில் சுமார் 40 ஆண்டுகள் மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசுகள், நாயக்கர்களின் குட்டிச் செம்புக் காசுகள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகள், புதுக்கோட்டை அம்மன் காசு என்று வரிசை நீள்கிறது.

அம்மன் காசு தெரியும்தானே? ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரி சமயத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்தது. இன்றைக்கும் பல பாட்டிகளின் சுருக்குப்பையிலிருந்து வெளிவரும் காசு அது.

சின்ன ஏலம் எப்படி நடக்கும்?

மும்பை, பெங்களூரு, அகமதாபாத் போன்ற நகரங்களில் பெரிய நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. வழவழ தாளில் கேட்லாக், ஒவ்வொரு காசுக்கும் எடை, படம், குறிப்பு, எதிர்பார்க்கும் விலை என்று எல்லாம் இருக்கும். சின்ன வியாபாரிகளின் ஏலம் வேறு ரகம்.

ஒன்று, நேரடி ஏலம். நாணயக் கண்காட்சி நடக்கும் மண்டபத்திலோ, வாடகைக்கு எடுத்த ஹாலிலோ ஞாயிற்றுக்கிழமை நடக்கும். காலையில் காசுகளைப் பார்வைக்கு வைப்பார்கள். ஒவ்வொன்றும் சின்ன பிளாஸ்டிக் கவரில், மேலே ஒரு எண்ணோடு இருக்கும். அந்த எண்தான் 'லாட்'. ஒற்றைக் காசும் ஒரு லாட்தான்; 50 காசு கொண்ட குவியலும் ஒரு லாட்தான். பிறகு ஏலம் தொடங்கும்.

இன்னொன்று, வாட்ஸ்அப் ஏலம். குரூப்பில் காசின் இரு பக்கப் படத்தையும் போட்டு, ஆரம்ப விலை, எவ்வளவு எவ்வளவாக ஏற்றலாம், எத்தனை மணிக்கு முடியும் என்று அறிவிப்பார்கள். பகலெல்லாம் குரூப் தூங்கும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் விலை குதிக்கும். கடைசி நொடியில் நெட் போய்விட்டதென்று புலம்புகிறவர்கள் தனி ரகம்.

இரண்டிலும் புதியவர்கள் கவனிக்காத ஒன்று, கூட்டுக் கணக்கு. ஏலத்தில் நீங்கள் கேட்ட விலைதான் கடைசி விலை என்று நினைக்காதீர்கள். பல ஏலங்களில் வாங்குபவரும் கமிஷன் தர வேண்டும். அதன்மேல் வரி, கூரியர் செலவு எல்லாம் தனி. 2,000 ரூபாய்க்கு ஒரு காசை எடுக்கிறீர்கள், கமிஷன் 15 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் அங்கேயே கூடிவிட்டது. வரியும் கூரியரும் சேர்ந்தால் 2,500-ஐத் தொடும். அதனால், பழகியவர்கள் தங்கள் மனக்கணக்கை 2,500-ல் ஆரம்பித்துப் பின்னோக்கி வருவார்கள். கையில் இருப்பது 2,500 என்றால், ஏலத்தில் 2,000-த்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஏலமா, கடையா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள்.

ஏலக் கட்சி சொல்வது இது. கடையில் விலையை நிர்ணயிப்பது வியாபாரி. ஏலத்தில் நிர்ணயிப்பது கூட்டம். ஒரே காசுக்குப் பத்துப் பேர் முன்னிலையில் விலை முடிவாகும்போது, அந்தக் காசின் உண்மையான மதிப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, குவியல் லாட். வியாபாரிக்கு நேரமில்லாமல் 'பலவகைச் செம்புக் காசுகள்' என்று மொத்தமாகக் கட்டிப் போட்டதில், படித்தவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் அபூர்வக் காசு ஒன்று ஒளிந்திருக்கலாம். பணம் அதிகம் இல்லாதவனும் அறிவை வைத்து ஜெயிக்க முடிகிற இடம் அது.

கடைக் கட்சி உடனே மறுக்கும். கடையில் வாங்கினால் நாளைக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு முகம் இருக்கிறது. இருபது வருடம் பழகிய வியாபாரி, போலியைக் கொடுத்து உறவைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரே வார்த்தையில் கையைக் கழுவிவிடுவார்கள். அதுமட்டுமல்ல, ஏலம் என்பது போதை. 800 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நினைத்து வந்தவர், பக்கத்து நாற்காலிக்காரரிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பில் 3,000-த்துக்கு எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கமணியிடம் திட்டு வாங்குவார்.

இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற ஒரு பயம் உண்டு. அதுதான் பொய்க் கேள்வி. விற்பவரின் ஆளே கூட்டத்தில் உட்கார்ந்து விலையை ஏற்றிவிடுவது. நேரடி ஏலத்தில் ஆளின் முகமாவது தெரியும். வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கம் இருப்பது உண்மையான போட்டியாளரா, வியாபாரியின் இன்னொரு சிம் கார்டா என்று யாருக்குத் தெரியும்? இதற்குச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான். தன் உச்ச விலையை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்வது. யார் ஏற்றினாலும் அந்த எண்ணைத் தாண்டாமல் இருப்பது. பொய்க் கேள்வி, அடக்கமானவனிடம் எடுபடாது.

போலிக்கு எத்தனை முகம்!

'மதிப்பு இருக்கும் இடத்தில் போலி இருக்கும்' என்பது நாணயத்துக்கும் பொருந்தும். முன்பெல்லாம் தங்கத்தில்தான் போலி வரும் என்பார்கள். இன்று சங்ககாலச் செம்புக் காசிலும் போலி வருகிறது.

பழங்காலத்தில் பெரும்பாலும் காசைச் சுத்தியலால் அடித்துத்தான் செய்தார்கள். அச்சுக்கு மேல் உலோகத்தை வைத்து ஒரே போடு! அதனால் ஒரு காசு போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் யானையின் தும்பிக்கை வெளியே போயிருக்கும், இன்னொன்றில் வால் இருக்காது. போலி செய்பவர்களில் பலர் அச்சில் வார்க்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் சோதனை, விளிம்பு. வார்த்த காசின் ஓரத்தில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு மெலிதாகத் தெரியும், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரியும்.

இரண்டாவது, மேற்பரப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், வார்ப்பில் மாட்டிய காற்றுக் குமிழ்கள் ஊசிக் குத்துகளைப் போலத் தெரியும். எழுத்துகளும் உருவங்களும் சோப்பில் செதுக்கியது போல மொழுமொழுவென்று இருக்கும்.

மூன்றாவது, இரட்டைப் பிறவி. இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே தேய்மானம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அச்சு ஒன்றாக இருக்கலாம். 2,000 வருடத் தேய்மானம் ஒன்றாக இருக்க முடியாது.

நான்காவது, எடை. பழைய அரசுகள் எடையில் கறாராக இருந்தன. முழு வெள்ளி முத்திரைக் காசு ஏறக்குறைய மூன்றரை கிராமை ஒட்டி வரும். தேய்ந்தால் குறையலாம், தூக்கலாகக் கூடாது. சேகரிப்பாளர் பையில் பர்ஸுக்கு அடுத்து இருக்கும் பொருள், நகைக்கடையில் இருப்பது போன்ற குட்டி டிஜிட்டல் தராசுதான்.

ஐந்தாவது, களிம்பு. நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த செம்பின் மேல் படியும் பச்சை, உலோகத்தோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். ரசாயனத்தில் போட்டு ஒரே ராத்திரியில் வரவழைத்த பச்சை, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும்.

படத்தை மட்டும் பார்த்து வாங்கும் வாட்ஸ்அப் ஏலத்தில் இந்த ஐந்தில் நான்கைச் செய்யவே முடியாது. அதனால்தான் மூத்த சேகரிப்பாளர்கள் புதியவர்களிடம், விலை கூடிய காசை நேரில் பார்க்காமல் வாங்காதே, போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதே என்கிறார்கள்.

ஒரு காசு மாற்றிய வரலாறு

காசு சேர்ப்பதெல்லாம் பணம் இருப்பவர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கதை.

சங்ககாலத் தமிழ் மன்னர்கள் தங்கள் பெயரில் காசு வெளியிட்டார்களா என்பது நீண்டகாலமாகச் சந்தேகத்தில் இருந்தது. பாடல்களில் மன்னர் பெயர்கள் இருந்தன. பெயர் பொறித்த காசு இல்லை. 1980-களில், தினமலர் ஆசிரியரும் நாணயவியல் ஆய்வாளருமான இரா.கிருஷ்ணமூர்த்தி ஒரு சதுரச் செம்புக் காசை வெளி உலகுக்குக் கொண்டு வந்தார். முன்பக்கம் குதிரை. அதற்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி'. பின்பக்கம் பாண்டியரின் மீன். வழுதி என்பது பாண்டியருக்கான பெயர் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சங்ககால மன்னர் பெயரோடு காசு இருக்கிறது என்பது அதோடு உறுதியானது. பிறகு சேரர்களின் மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை காசுகளும் அறிஞர்கள் பார்வைக்கு வந்தன. 2021-ல் மறையும் வரை அவர் இந்தத் துறையில் எழுதிக்கொண்டே இருந்தார்.

கவனியுங்கள். பெருவழுதி காசு அகழாய்வுக் குழியில் கிடைத்ததல்ல. ஒரு சேகரிப்பாளரின் கைக்கு வந்த காசு. அவர் கையில் சேராமல் பழைய செம்போடு செம்பாக உருக்கப்பட்டிருந்தால்? ஒரு வரலாறே அடுப்பில் போயிருக்கும். சேகரிப்பாளர்கள் தலை நிமிர்ந்து சொல்லும் வாதம் இதுதான்.

தொல்லியலாளர்கள் இதற்கு மறுமொழி வைத்திருக்கிறார்கள். காசு கிடைத்தது, சரி. எங்கே கிடைத்தது? எத்தனை அடி ஆழத்தில்? பக்கத்தில் பானை ஓடு இருந்ததா, மணி இருந்ததா, எலும்பு இருந்ததா? அந்தச் சூழல் இருந்தால்தான் காசின் காலத்தைத் திட்டமாகச் சொல்ல முடியும். கீழடியில் கிடைத்த வெள்ளிக் காசு பேசுவது அதன் முத்திரையால் மட்டுமல்ல; அது கிடந்த மண் அடுக்காலும்தான். ஏல மேஜைக்கு வரும் காசுக்கு அந்த அடுக்கு கிடையாது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசானாலும், வைகைப் படுகையில் பொறுக்கிய காசானாலும், நாலு கை மாறி ஏலத்துக்கு வரும்போது ஊர் பெயர்கூட மறைந்துவிடுகிறது. 'தென்னிந்தியா' என்ற ஒரு வார்த்தைதான் மிச்சம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த இழுபறியின் நடுவில் நிற்பது சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய காசை வீட்டில் வைத்திருப்பதோ, சேகரிப்பதோ குற்றமல்ல. ஆனால், மூன்று கோடுகள் உண்டு.

முதல் கோடு, மண்ணில் கிடைத்தது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, அரசும் எடுத்துக்கொள்ளாவிட்டால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு.

இரண்டாவது கோடு, தொழில். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, 100 வருடத்துக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருள்தான். தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் தேவை. ஏலத்தில் வாங்கும் முன் வியாபாரியிடம் உரிமத்தையும் ரசீதையும் கேட்பது உங்கள் உரிமை. கேட்டதும் முகம் சுளிக்கிறார் என்றால், அந்தக் காசை விட்டுவிடலாம்.

மூன்றாவது கோடு, எல்லை. தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் பாண்டியர் காசு ஒன்று பார்சல் பண்ணலாமே" என்று நினைத்தால், ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் சேகரிப்பாளர்களும் ஆய்வாளர்களும் ஒருசேரக் குறை சொல்லும் இடம் ஒன்று உண்டு. புதையலை அரசு எடுத்துக்கொண்டால், கண்டெடுத்தவர் பக்கத்துக்குத் தர வேண்டியது உலோகத்தின் மதிப்பும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும்தான். தங்கக் காசுக்கு இது பரவாயில்லை. செம்புக் காசுக்கு? ஒரு பானை சங்ககாலக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பழைய பாத்திர விலைதான் கணக்கு. பஸ் செலவுக்கே சரியாகிவிடும். உழும்போது காசு கிடைத்த விவசாயி தாலுகா ஆபீஸுக்குப் போவாரா, பழைய இரும்புக் கடைக்குப் போவாரா? விடை எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலாந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1996-ல் அங்கே வந்த புதையல் சட்டப்படி, மியூசியம் எடுத்துக்கொள்ளும் புதையலுக்குச் சந்தை மதிப்பை ஒட்டிப் பரிசு தருகிறார்கள். மியூசியத்துக்கு வேண்டாத ஒற்றைக் காசாக இருந்தாலும், எங்கே கிடைத்தது என்று பதிவு செய்ய 1997-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பொருள் கண்டெடுத்தவரிடமே இருக்கலாம்; தகவல் எல்லோருக்கும் சொந்தம். அப்படி ஒன்று வைகைக் கரைக்கும் வந்தால் எப்படி இருக்கும் என்று சேகரிப்பாளர்கள் ஏங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

முறையாகத் தெரிவித்ததால் தப்பிய காசுகளும் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது, ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. உடனே அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டு, அரசுக் கருவூலத்துக்குப் போயின. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சி அருகே கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளும் முறையாகக் கணக்கில் ஏறின. அதனால்தான், அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே வெட்டு விழுந்திருக்கும் விஷயம் இன்று நமக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பிரித்து விற்றிருந்தால், 'கீறல் விழுந்த காசு' என்று விலை குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

'அரிசியை இழுக்கும் காசு'... ஓடுங்கள்!

பழங்காசின் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடிகள் ஏலத்தைவிட ஆபத்தானவை.

'ரைஸ் புல்லிங்' கேள்விப்பட்டிருப்பீர்கள். 'இது இடி விழுந்த செம்பு, இரிடியம் கலந்தது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும்' என்று சொல்லி, பழைய காசையோ கலசத்தையோ காட்டுவார்கள். தமிழ்நாடு முழுவதும் இதில் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அரிசியை இழுக்கும் காசு உலகத்திலேயே கிடையாது. முன்கூட்டியே இரும்புத்தூள் பூசிய அரிசியும், உள்ளே ஒரு காந்தமும் இருந்தால், உங்கள் வீட்டுக் கரண்டியும் அரிசியை இழுக்கும்!

அடுத்தது, ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்த 'கிழக்கிந்தியக் கம்பெனி காசு'. 1818 என்றெல்லாம் வருடம் போட்டிருக்கும். கம்பெனி அப்படிப்பட்ட காசை வெளியிடவே இல்லை. அவை யாத்திரைத் தலங்களில் விற்கும் வில்லைகள். பூஜை அறையில் வைக்கலாம். லட்சக்கணக்கில் விலை கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, 'உங்களிடம் பழைய ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறதா? லட்சாதிபதி ஆகலாம்' என்ற விளம்பரம். போன் செய்தால், முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று உங்களிடமிருந்து கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும்கூடப் பயன்படுத்தினார்கள். தாங்கள் இப்படிப்பட்ட வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டி வந்தது. உண்மையான சேகரிப்பாளர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

புதிதாகத் தொடங்குகிறீர்களா?

முதலில் காசைப் பார்த்துப் பழகுங்கள், பிறகு வாங்குங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், புதுக்கோட்டை அருங்காட்சியகத்திலும் நல்ல நாணயத் தொகுப்புகள் இருக்கின்றன. மதுரைக்குப் பக்கத்திலேயே கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டிருக்கிறது. உண்மைக் காசு எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், போலி தானாக உறுத்தும்.

முதல் காசைச் சின்ன விலையில் எடுங்கள். ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசுகளும் நாயக்கர் காசுகளும் தமிழ்நாட்டில் நிறையக் கிடைப்பவை. சாதாரண நிலையில் இருப்பவை சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். ஏமாந்தாலும் தாங்கும் விலை. 'ராஜராஜன் காசு, மிக அபூர்வம், ஐம்பதாயிரம்' என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள்.

எல்லாக் காலத்துக் காசையும் சேர்க்க ஆசைப்படாமல், ஒரு அரசு, ஒரு வட்டாரம், ஒரு சின்னம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன் பொறித்த காசுகளை மட்டும் சேர்ப்பவரிடம் ஐந்து வருடத்தில் வியாபாரியே வந்து சந்தேகம் கேட்பார்.

வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். தேதி, விலை, யாரிடம் வாங்கியது, அவர் எந்த ஊரில் கிடைத்ததாகச் சொன்னார், எடை, அளவு. ரசீதையும் அதோடு வையுங்கள். தொல்லியலாளர்கள் கேட்கும் 'எங்கே கிடைத்தது?' என்ற கேள்விக்கு ஒரு சேகரிப்பாளரால் தர முடிகிற குறைந்தபட்ச பதில் அது. நாளை உங்கள் பிள்ளைகள் கைக்குப் போகும்போதும், அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வெறும் செம்புதான்.

வீட்டில் பழைய காசு இருந்தால்...

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, பாட்டியின் உண்டியலிலோ பழைய காசு இருக்கிறதா? மூன்று விஷயங்கள்.

ஒன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும் சபீனாவும் சரி. பழங்காசுக்கு அது சாவுமணி. மேலே படிந்த களிம்புதான் காசுக்குக் கவசமும் வயதுச் சான்றிதழும். பளபளவென்று தேய்த்துவிட்டால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். தூசி இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், போதும்.

இரண்டு, ஒரே ஒருவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எடை போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் படம் எடுங்கள், குறைந்தது இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். அருகில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டி, என்ன காசு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதேபோல, கிடைக்காத விலைக்கும் ஆசைப்படாதீர்கள். பழையது எல்லாம் அபூர்வம் அல்ல. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட செம்புக் காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை.

மூன்று, அது தோட்டத்திலோ அஸ்திவாரத்திலோ கிடைத்தது என்றால், கிடந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவாவது கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கிய நகலைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும். நீங்கள் எழுதிய ஊர் பெயர் அந்தக் காசைக் காப்பாற்றும்.

ஏலத்துக்குப் போவது தவறில்லை. லென்ஸும், தராசும், உச்ச விலை எழுதிய துண்டுத் தாளும் பையில் இருந்தால் தைரியமாகப் போகலாம். விரும்பிய காசு கைநழுவிப் போனாலும் கவலை வேண்டாம். 2,000 வருடம் காத்திருந்த காசு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு கவரில் வரும்!